அடைப்பை எடுத்தாச்சு, அப்பாவின் பம்பிங் ஏன் 38?

கேள்வி: டாக்டர் ஐயா, நான் திருப்பாதிரிப்புலியூரில் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு 61 வயது, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். பத்து வருடமாகச் சுகர். போன மாதம் ஒரு ராத்திரி 11 மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயு என்று நினைத்து சோடா, ஓம வாட்டர் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். வேர்த்துக் கொட்டிய பிறகு 3 மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் புதுச்சேரியில் ஆஞ்சியோ, ஸ்டென்ட். “அடைப்பு முழுசா எடுத்தாச்சு, ரத்தம் நல்லா ஓடுது” என்றார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது எக்கோவில் பம்பிங் 38 சதவீதம் என்று இருந்தது. அடைப்பே இல்லையென்றால் இதயம் ஏன் இப்படி இருக்கிறது? சிதம்பரத்தில் பயோடெக் படிக்கும் என் அக்கா மகன், “ரத்தம் திரும்ப வரும்போது கைனேஸ் என்கிற என்சைம்கள்தான் தசையைக் கொல்லுது சித்தி, அதைத் தடுக்கிற மருந்து இருக்கு, தாத்தாவுக்குக் கொடுக்கலை” என்கிறான். உண்மையா? பி.பி. பட்டையைக் கையில் இறுக்கிக் கட்டி அவிழ்த்தால் இதயம் பலப்படும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் வந்தது. செய்யலாமா? அப்புறம் ஒரு விஷயம். அதற்கு முந்தின இரண்டு நாளும் ஐஸ் ஏற்றும்போது பத்து நிமிடம் நெஞ்சு அடைத்து, உட்கார்ந்ததும் சரியாகியிருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை, வேலையாள் சொல்லித் தெரிந்தது. நாலு மணி நேரம் வீணடித்தது நாங்கள்தான். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்: அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த 38 பற்றி. பரீட்சை பேப்பர் திருத்துகிற கைக்கு 38 என்றால் தேறியும் தேறாத மார்க் மாதிரித் தெரியும். இது அந்தக் கணக்கு இல்லை. இதயத்தின் இடது கீழறையில் நிரம்புகிற ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதுதான் இந்த எண். நூற்றுக்கு நூறு யாருக்கும் கிடையாது. 55, 60 இருந்தாலே முழு ஆரோக்கியம். அப்பாவுடையது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் நூறிலிருந்து விழுந்து 38க்கு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு படுத்தால் உங்களுக்கு எப்படித் தூக்கம் வரும்?

உங்கள் அக்கா மகன் சொன்னதில் முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்கில்தான் சிக்கல் இருக்கிறது.

தானே புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கரண்ட் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தோம். ஃப்ரிட்ஜில் இருந்தது எல்லாம் அழுகிப் போனது; அது கரண்ட் போனதால் வந்த நஷ்டம். கடைசியில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. தெருவே கைதட்டியது. வந்த வேகத்தில் வோல்டேஜ் எகிறி எங்கள் தெருவில் இரண்டு வீட்டு மோட்டார் புகைந்தது. அது கரண்ட் வந்ததால் வந்த நஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் மெயினை அணைத்துவைத்திருந்து, கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார். அவர் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை.

இதயத் தசையிலும் இந்த இரண்டு நஷ்டமும் உண்டு. ரத்தம் நின்றதால் சாகும் செல்கள் ஒரு பங்கு. ரத்தம் திரும்பி வந்த முதல் சில நிமிடங்களில், வந்த காரணத்தாலேயே சாகும் செல்கள் இன்னொரு பங்கு. அடைப்பை எடுத்தும் பம்பிங் குறைவாக இருப்பதற்கு இந்த இரண்டும் காரணம். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. நல்ல சேதி அதில்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த இரண்டாவது நஷ்டத்தை நான் கண்ணால் பார்த்த கதை ஒன்று உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒரு நள்ளிரவு, மாரடைப்போடு வந்த ஒருவருக்குக் கட்டி கரைக்கும் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். அரை மணி தாண்டியிருக்கும். வலி குறைந்துவிட்டது என்று அவர் சிரிக்கிறார். அதே நேரம் மானிட்டரில் துடிப்புகள் திடீரென்று அகல அகலமாக, பார்க்கவே பயமாக மாறிவிட்டன. நான் வெலவெலத்துப் போய் சீனியரை எழுப்பினேன். அவர் திரையைப் பார்த்தார், நோயாளியின் நாடியைப் பார்த்தார், “பயப்படாதே, குழாய் திறந்துடுச்சு. ரத்தம் உள்ளே போகுதுன்னு இதயம் சொல்லுது” என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சில நிமிடத்தில் துடிப்பு தானாகச் சீரானது. நல்லது நடக்கும்போதே ஒரு கலவரமும் நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் கலவரத்தில் உங்கள் அக்கா மகன் சொல்லும் கைனேஸ்களுக்கு என்ன வேலை?

கைனேஸ் என்பது செல்லுக்குள் இருக்கும் ஒருவகை என்சைம். அது செய்வது ஒரே காரியம்: ஏ.டி.பி. என்கிற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டும். நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டு வைத்ததும் அந்தப் புரதத்தின் குணம் மாறிவிடும். தூங்கினது எழுந்துகொள்ளும், சில சமயம் எழுந்திருப்பது அடங்கும். பொட்டை அழிக்கத் தனி என்சைம்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் என்ற இருவர் 1950களில் தசையை வைத்து ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்தார்கள். 1992இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனித உடலில் கைனேஸ்கள் மட்டும் 500க்கு மேல். வெளியே நடப்பதைச் செல்லுக்குள் சேதி சொல்லி அனுப்புகிற தபால்காரர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

இப்போது அப்பாவின் இதயத்துக்குள் அந்த ராத்திரி நடந்ததைப் பார்ப்போம். குழாய் அடைத்ததும் ஆக்ஸிஜன் நிற்கிறது. செல் தன் ஏ.டி.பி. கையிருப்பைச் செலவழித்துத் தாக்குப்பிடிக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிப்பதால் உள்ளே அமிலம் தேங்குகிறது. அமிலத்தை வெளியே தள்ள செல் சோடியத்தை உள்ளே விடுகிறது. சோடியம் சேர்ந்துவிட்டதே என்று அதை வெளியே தள்ள, கால்சியத்தை உள்ளே விடுகிறது. கடனை அடைக்கக் கடன் வாங்கும் குடும்பம் மாதிரி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த அமிலம் கெட்டதுதான், ஆனாலும் அது இருக்கும் வரை பல நாசவேலைகள் அடங்கிக் கிடக்கின்றன.

அப்போது குழாய் திறக்கிறது. ரத்தம் பாய்ந்து வந்து அமிலத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. ஆக்ஸிஜன் குபீரென்று வந்ததும், செல்லுக்குள் ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து தீப்பொறி போல ஆக்ஸிஜன் கூறுகள் தெறிக்கின்றன. கால்சியம் வெள்ளமாகப் புகுகிறது, ஏ.டி.பி.யும் கிடைத்துவிட்டதால் தசை இழைகள் விறைத்துச் சுருண்டு தம்மைத்தாமே கிழித்துக்கொள்கின்றன. இதற்கெல்லாம் உச்சமாக, மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் இதுவரை மூடியிருந்த ஒரு துளை திறந்துகொள்கிறது. அமிலம்தான் அதை மூடிவைத்திருந்தது. துளை திறந்து அப்படியே நின்றால் அந்த மைட்டோகாண்ட்ரியா உப்பி வெடிக்கும். பல வெடித்தால் செல் சாகும்.

இந்தத் துளை திறக்குமா, மூடியே இருக்குமா என்ற இழுபறியில்தான் கைனேஸ்கள் இரண்டு கட்சியாக நிற்கின்றன. ஆக்ட், எர்க் என்று இரண்டு உண்டு. அவை ஜி.எஸ்.கே.-3 பீட்டா என்ற இன்னொரு கைனேஸுக்குப் பொட்டு வைத்து அதை அடக்குகின்றன. அது அடங்கினால் துளை எளிதில் திறக்காது. இது காப்பாற்றும் கட்சி. எதிர்க்கட்சியில் பி38, ஜே.என்.கே. போன்றவை. காம்-கைனேஸ் 2 என்று ஒன்று உண்டு, அதன் குணம் விசித்திரம்: கால்சியம் வந்ததும் விழித்துக்கொள்கிறது, அந்த ஆக்ஸிஜன் தீப்பொறி பட்டுவிட்டால், கால்சியம் வடிந்த பிறகும் அணைய மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. துடிப்பு தாறுமாறாவதில் அதற்குப் பெரிய பங்கு.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பு, பி.கே.சி. என்ற குடும்பம்தான். ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தின் யாசுடோமி நிஷிசுகா 1977இல் கண்டுபிடித்தது. அதில் டெல்டா என்று ஒருவன், எப்சிலான் என்று ஒருவன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், உருவமும் ஏறக்குறைய ஒன்று. மாரடைப்பின்போது இருவருமே மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓடுகிறார்கள். எப்சிலான் போய் அதைக் காக்கிறான். டெல்டா போய் ஏ.டி.பி. தயாரிப்பு மீண்டும் தொடங்குவதைக் கெடுக்கிறான். ஆகவே “கைனேஸ்கள் தசையைக் கொல்லுது” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எப்சிலான் அழுவான். பையனிடம் சொல்லுங்கள்.

இனி அந்தக் கால் பங்குக்கு வருகிறேன்: “மருந்து இருக்கு, கொடுக்கலை.”

டெல்டாவை மட்டும் தடுக்கும் மருந்து செய்தார்கள் என்பது நிஜம். டெல்காசெர்டிப் என்று பெயர். விலங்குகளில் அபாரமாக வேலை செய்தது. பிறகு இதயத்தின் முன்பக்கச் சுவரில் மாரடைப்பு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஸ்டென்ட் வைக்கும் நேரத்தில் நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் தசைச் சேதத்தில் வித்தியாசம் இல்லை. பி38ஐத் தடுக்கும் லாஸ்மாபிமோட் மாத்திரையை 3,503 பேரிடம் சோதித்தார்கள். 2016இல் வந்த முடிவும் அதேதான். மைட்டோகாண்ட்ரியத் துளையையே குறிவைத்து, சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினைப் போட்டார்கள். 2008இல் 58 பேரிடம் செய்த சிறிய ஆய்வில் பலன் தெரிந்தது, நாங்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். 2015இல் 970 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் ஒன்றும் இல்லை.

அதனால் உங்கள் அப்பாவுக்கு யாரும் எதையும் மறைக்கவில்லை, மறுக்கவில்லை. கொடுக்கும் நிலையில் அப்படி ஒரு மருந்து இன்று எந்த ஊர் மருத்துவமனையிலும் இல்லை.

ஏன் இப்படி? எலியிலும் நாயிலும் பலித்தது மனிதனிடம் ஏன் பலிக்கவில்லை? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். சோதனைக்கூடத்தில் இளம் விலங்கு. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. இத்தனை மணிக்கு முடிச்சு போட்டேன், இத்தனை மணிக்கு அவிழ்த்தேன் என்று கடிகாரம் ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது. மருந்து, முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே உள்ளே போய்விடும். உங்கள் அப்பாவின் கடிகாரம் யார் கையில் இருந்தது? கட்டி எந்த நிமிடம் கரைந்து ரத்தம் நுழைந்தது என்று பக்கத்தில் நின்ற டாக்டருக்கே உத்தேசமாகத்தான் தெரியும். சில சமயம் அது தானாகக் கரையும், மறுபடி கட்டும். துளை திறப்பதோ முதல் சில நிமிடங்களில். தவிர, ஒரு தபால்காரரை மட்டும் நிறுத்தினால் சேதி வேறு வழியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 61 வயதும் பத்து வருடச் சுகரும் சேர்ந்த செல்லில் காப்பாற்றும் கட்சியின் குரலே ஏற்கெனவே கம்மியிருக்கும்.

கடிகாரம் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அப்பாவின் தொழிலிலிருந்தே உதாரணம் சொல்லலாம். படகு திரும்பிய பிறகு ஐஸ் தேடுகிறவனை மீனவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடலுக்குப் போகும்போதே ஐஸை ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள். பைபாஸ் போன்ற திறந்த இதய ஆபரேஷனில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ரத்தத்தை நிறுத்துவதற்கு முன் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தையே துடிக்காமல் நிறுத்திவிடுகிறோம். இதயம் செலவில்லாமல் காத்திருக்கும். எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்பது நம் கையில் இருப்பதால் அது தினசரி நடக்கிற காரியம். மாரடைப்பு அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

சில சமயம் சொல்லிக்கொண்டும் வருகிறது. ஐஸ் ஏற்றும்போது வந்த அந்தப் பத்து நிமிட அடைப்பு.

1986இல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். நாயின் இதயக் குழாயை 40 நிமிடம் அடைத்தால் இவ்வளவு தசை சாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால், 5 நிமிடம் அடைப்பது, 5 நிமிடம் விடுவது என்று நாலு தடவை செய்துவிட்டு, பிறகு அதே 40 நிமிடம் அடைத்தார்கள். மொத்த அடைப்பு நேரம் கூடியிருக்கிறது, சேதமும் கூட வேண்டும் இல்லையா? கால் பங்காகக் குறைந்தது. சின்னச் சின்ன அடிகள் செல்லை உஷார்ப்படுத்திவிட்டன. பிற்பாடு தோண்டிப் பார்த்தபோது அந்த உஷார்ச் சேதியைக் கொண்டுபோனவர்களில் நம் எப்சிலானும் இருந்தான். மனிதர்களிலும், மாரடைப்புக்கு முந்தின ஓரிரு நாளில் லேசான நெஞ்சு வலி வந்து போனவர்களுக்குச் சேதம் கொஞ்சம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சுகர் உள்ளவர்களுக்கு இந்த அனுகூலம் மழுங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். (கிளிபென்கிளமைடு என்ற பழைய சுகர் மாத்திரை இந்தப் பாதுகாப்பைக் குலைப்பதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை அடுத்தமுறை காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

ஆக அந்த வலி இரண்டு வேலை செய்திருக்கலாம். கொஞ்சம் தசையைக் காப்பாற்றியிருக்கலாம். அதைவிடப் பெரிதாக, “உடனே ஆஸ்பத்திரிக்குப் போ” என்று சொன்னது. அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. நம் ஊர் ஆண்பிள்ளைகள் பலர் இப்படித்தான். வேலையாளிடம் சொல்வார்கள், வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

வாட்ஸ்அப் வீடியோவுக்கும் மூலம் இந்த நாய்ச் சோதனைதான். இதயத்தின் ஒரு பகுதியைச் சின்ன அடிகளால் பழக்கினால், வேறொரு பகுதியும் பாதுகாக்கப்படுகிறது என்று 1993இல் தெரிந்தது. பிறகு கையில் பி.பி. பட்டையை 5 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்தி, நாலு தடவை செய்தாலே இதயத்துக்குச் சேதி போகிறது என்றார்கள். செலவில்லாத வைத்தியம், யாருக்குத்தான் ஆசை வராது? 2019இல் பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா நாடுகளில் மாரடைப்போடு வந்த 5,401 பேரிடம் செய்து பார்த்த பெரிய ஆய்வு வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இறப்பிலும் இதயச் செயலிழப்பிலும் வித்தியாசம் இல்லை. அதுவும் ஸ்டென்ட் வைக்கப் போகும் நேரத்தில், ஆஸ்பத்திரியில் செய்தது. ஒரு மாதம் கழிந்து வீட்டுக் கூடத்தில் கட்டி அவிழ்ப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அந்தப் பட்டையால் அப்பாவின் பி.பி.யைப் பார்த்து நோட்டில் எழுதிவையுங்கள், அது எனக்கு உபயோகம்.

இப்போது அந்த நாலு மணி நேரம். பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது. குழாய் அடைத்தால் தசை ஒரேயடியாகச் சாவதில்லை. உள்சுவரில் தொடங்கி வெளிச்சுவர் நோக்கி அலை மாதிரி மணிக்கணக்கில் பரவுகிறது. முதல் மணியில் வந்திருந்தால் இன்னும் தசை மிஞ்சியிருக்கும். ஆனால் நீங்கள் விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 3 மணிக்குக் கிளம்பினீர்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திறக்கும் குழாயால் பலன் உண்டு என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. அலை வெளிச்சுவரைத் தொடும் முன் நீங்கள் பிடித்த பகுதி இன்று வேலை செய்கிறது. நெஞ்சு வலியை வாயு என்று நினைத்தது உங்கள் வீடு மட்டுமில்லை. என் சொந்தச் சித்தப்பாவுக்கு, டாக்டர் வீட்டிலேயே, இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள்.

இனிமேல் என்று ஒன்று வேண்டாம், வந்தால்: சோடா பாட்டிலைத் தொடாமல் 108. தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் என்ற மூன்று மருந்துகளில் மொத்தம் 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். துறைமுகத்தில் வேலை செய்யும் ஆட்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். உங்கள் அப்பா வலியை அவர்களிடம்தானே சொன்னார்.

கடைசியில் சொல்கிறேன் என்ற நல்ல சேதி இதுதான். சில தசைகள் சாகவில்லை, மரத்துப்போய்க் கிடக்கின்றன. ரத்தம் வந்துவிட்டது, உயிர் இருக்கிறது, சுருங்கத்தான் தெம்பில்லை. ப்ரான்வால்டும் க்ளோனரும் 1982இல் இதற்கு ‘அதிர்ந்துபோன தசை’ என்று பெயர் வைத்தார்கள். தலையில் அடிபட்டவன் கொஞ்ச நேரம் பிரமை பிடித்து நிற்பானே, அது போல. நாட்களிலிருந்து வாரங்களுக்குள் அது தேறி வரும். டிஸ்சார்ஜ் எக்கோ, அப்படி அதிர்ந்து கிடந்த நேரத்தில் எடுத்தது. அந்த 38இல் செத்தது எவ்வளவு, மரத்தது எவ்வளவு என்று அந்தப் படம் பிரித்துச் சொல்லாது. 45, 50க்கு ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏறாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஏறுவதற்கு என்ன செய்யலாம் என்பதற்கு, பையன் கேட்ட கைனேஸ் மருந்து ஒருவகையில் அப்பாவின் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு உடம்பு பதற்றத்தில் அட்ரினலின், ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் இரண்டையும் கூடுதலாகச் சுரக்கிறது. அட்ரினலின் போய் காம்-கைனேஸ் 2 முதலியவற்றைத் தட்டி எழுப்பும். ஆஞ்சியோடென்சின், பி.கே.சி. குடும்பத்தையும் பி38 போன்றவற்றையும் எழுப்பும். இந்தச் சேதிகள் மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால், மிஞ்சிய தசை தடித்து, நடுவே நார் வளர்ந்து, இதயம் ஊதிப் பெருக்கும். பேரில் ‘லால்’ என்று முடியும் மாத்திரை அட்ரினலினின் கதவை மூடுகிறது. ‘பிரில்’ அல்லது ‘சார்ட்டன்’ என்று வரும் மாத்திரை ஆஞ்சியோடென்சினை அடக்குகிறது. ஆக, தபால்காரரை வழிமறிப்பதை விட்டுவிட்டு, கடிதம் எழுதுகிறவரின் பேனாவைப் பிடுங்குகிறோம். அந்தச் சில நிமிடக் கலவரத்தில் தோற்ற வைத்தியம், இந்த மாதக்கணக்கு வேலையில் ஜெயித்திருக்கிறது; உயிரைக் காப்பாற்றுகிறது என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமானவை இவை.

உடம்பு தேவலை என்று பட்டதும் அப்பா முதலில் நிறுத்துவது இந்த லால் மாத்திரையாகத்தான் இருக்கும். சோர்வாக இருக்கிறது, நாடி மெதுவாக ஓடுகிறது என்பார். நிறுத்தாதீர்கள், என்னிடமோ அவருடைய டாக்டரிடமோ சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டென்ட்டுக்காகக் கொடுத்த இரண்டு ரத்தம் உறையா மாத்திரைகள் ஒருநாள்கூடத் தவறக் கூடாது. பல் பிடுங்கக்கூட எங்களைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கருவாட்டை மறக்கச் சொல்லுங்கள். துறைமுகத்துக்காரரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். திடீரென்று உடம்பு எடை ஏறினாலோ, கால் வீங்கினாலோ, ராத்திரி தலையணை கூடுதலாகக் கேட்டாலோ அன்றே வர வேண்டும்.

வேலைக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சாயங்காலம் சில்வர் பீச்சில் மூச்சு வாங்காத அளவுக்கு நடக்கட்டும். கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதட்டும். ஐஸ் பாரைத் தொடக் கூடாது.

ஸ்டென்ட் வைத்த தேதியிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் எக்கோவைத் திரும்ப எடுக்க வேண்டும். அப்போது 35க்குக் கீழே போயிருந்தால் வேறு யோசனைகள் உண்டு, அதை அப்போது பேசலாம். முதல் எக்கோ எடுத்த அதே இடத்தில், முடிந்தால் அதே டாக்டரிடம் எடுங்கள். கை மாறினாலே இந்த எண் ஐந்து புள்ளி ஏறும் இறங்கும், வீணாகச் சந்தோஷப்பட்டோ பயந்தோ போவீர்கள். பழைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு, சுகர் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பையனுக்கு லீவு என்றால் அவனையும் கூட்டி வாருங்கள், அந்த டெல்டா மருந்து ஏன் தோற்றது என்பதில் அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க வேண்டும்.